பொலிஸிடம் கேள்வி கேட்க ஒரு வெள்ளைத் தாள்: ஆர்ரிஐ சேவை பற்றி வன்னியிலிருந்து ஒரு விமர்சனம்

போன், கமெரா, மைக் என்று செய்தியாளர் பாவிக்கிற சாமான்களுக்கெல்லாம் விமர்சனம் கிடக்கிறது. நான் எழுதப்போவது இலங்கை அரசாங்கம் தருகிற ஒரு சேவையைப் பற்றி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஆட்களின் வாயில் ஆர்ரிஐ. 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. காணி, குளம், வீட்டுத்திட்டம் என்று எதற்கும் பாவிக்கலாம், அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என்னுடைய கேள்வி ஒன்றுதான்: வன்னியில் இருந்துகொண்டு பொலிஸைப் பற்றி, அதுவும் பொலிஸுக்குப் பிடிக்காத மாதிரி எழுதுகிற ஒருத்திக்கு இது உதவுமா?

உதவும். ஆனால் சின்னதாக, சலிப்பூட்டுகிற மாதிரி, எண்ணிக்கை கேட்கிற கேள்வியாக இருக்க வேண்டும். ஒரு தனிச் சம்பவத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் பெரும்பாலும் மறுப்புத்தான் வரும். அந்த மறுப்பும் ஒரு ஆளின் கையெழுத்தோடு, காரணத்தோடு, தாளில் வருகிறது என்பதற்காகத்தான் நான் இதை விடாமல் பாவிக்கிறேன்.

இந்தப் பக்கம் பொலிஸ் செய்தி எப்படி உருவாகிறது என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். காலையில் வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வரும். இரண்டு பேர் நிலத்தில் குந்தியிருப்பார்கள், முன்னால் கசிப்புக் கான், பின்னால் பொலிஸார் வரிசையாக நிற்பார்கள், கீழே மூன்று வரி. அதை அப்படியே எடுத்து கடைசியில் "பொலிஸார் தெரிவித்தனர்" என்று போட்டு அனுப்பினால் செய்தி முடிந்தது. பிராந்தியச் செய்தியாளர் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, வந்த செய்திக்குத்தான் காசு, ஆகவே அந்தக் கான் யாருடையது, அந்த இரண்டு பேரை எப்போது பிடித்தது, 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோனதா என்று தோண்டிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? தோண்டினாலும் பொறுப்பதிகாரி "பேச்சாளரைக் கேளுங்கோ" என்பார். பேச்சாளர் கொழும்பில். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தில் மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரம் என்று எழுதியிருக்கிறது, எந்த மாகாணத்துக்கும் அது இன்றுவரை நடைமுறையில் கொடுபடவில்லை, ஆகவே மாங்குளத்துச் சந்தியில் நிற்கிற கான்ஸ்டபிளுக்கும் பதில் சொல்கிற மேசை கொழும்பில்தான் இருக்கிறது. அந்த மேசைக்கு நீங்கள் போன் எடுத்தால் எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். ஆர்ரிஐ கடிதத்துக்கு மட்டும் பதில் தர வேண்டும், தராவிட்டால் ஏன் தரவில்லை என்று எழுத வேண்டும்.

சரி, பாவிக்கிற விதம். படிவம் ஒன்று இருக்கிறது, அது கட்டாயமில்லை, வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் சரி. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அலுவலர்தான் எழுதிக்கொள்ள வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. யார் தகவல் அலுவலர் என்று முதலில் விசாரியுங்கள், அப்படி ஒருவர் நியமிக்கப்படாவிட்டால் அந்த நிறுவனத்தின் தலைவரே தகவல் அலுவலராகக் கருதப்படுவார். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், ஆவணம் அதிகம் என்றால் இன்னும் 21 நாள் வரை கேட்கலாம். முதல் நாலு பக்கத்துக்குக் காசு இல்லை, அதற்கு மேல் ஏ4 ஒரு பக்கம் 2 ரூபாய். கொமினிகேஷன் கடையில் போட்டோக்கொப்பி எடுக்கிற விலையைப் பார்த்தால் சும்மா தருகிற மாதிரித்தான். நேரில் கொடுத்தால் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி கேளுங்கள், தர வேண்டியது அவர்கள் கடமை. நான் பதிவுத் தபாலில்தான் போடுவேன். பொலிஸ் நிலைய வாசலில் நின்று "இது என்ன, யார் அனுப்பினது, உள்ளே யாரைப் பார்க்க வேணும்" என்று ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

இனி நல்ல பக்கம். வன்னியில் யாரைக் கேட்டாலும் மணல் ரிப்பர் கதை ஒன்று வைத்திருப்பார்கள். இரவில் ஓடுகிறது, பொலிஸ் பிடிக்கிறது, விடிய அதே ரிப்பர் வேறு வீதியில் நிற்கிறது. இதைக் கதையாக எழுதினால் அவதூறு என்று கடிதம் வரும். நான் ஒரு பொலிஸ் பிரிவுக்கு (பெயர் வேண்டாம்) கேட்டது இவ்வளவுதான்: மாதம் மாதமாக, அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றியதாகப் பிடிக்கப்பட்ட வாகனங்கள் எத்தனை, அதில் நீதிமன்றத்துக்குப் போன வழக்குகள் எத்தனை, நிலையம் வாரியாகத் தாருங்கள். யாருடைய பெயரும் கேட்கவில்லை, லஞ்சம் என்ற சொல்லும் இல்லை. பதில் அட்டவணையாக வந்தது. இரண்டு நிரலும் பக்கத்தில் பக்கத்தில், பிடித்ததும் வழக்குப் போட்டதும், சில மாதங்களில் இரண்டும் ஒத்துப் போகிறது, சில மாதங்களில் போகவே இல்லை. எந்த மாதங்கள், அப்போது அங்கே யார் பொறுப்பு என்று பார்ப்பதுதான் மிச்ச வேலை, அதற்கு ஆர்ரிஐ தேவையில்லை, கோயில் திருவிழா நோட்டீஸிலும் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி அழைப்பிதழிலும் சிறப்பு விருந்தினர் பெயர் திகதியோடு இருக்கும். செய்தி வந்த பிறகு யாரும் மறுக்கவில்லை. அவர்கள் தந்த கணக்கை அவர்களே எப்படி மறுப்பது?

இதே மாதிரி வேலை செய்கிற கேள்விகள்: ஒரு பிரிவில் தமிழில் முறைப்பாடு எழுதக்கூடிய உத்தியோகத்தர்கள் நிலையம் வாரியாக எத்தனை பேர். இரவுக் கடமையில் பெண் உத்தியோகத்தர் இருக்கிற நிலையங்கள் எவை. நிலையத்துக்கு எத்தனை வாகனம், அதில் ஓடுகிற நிலையில் எத்தனை. உத்தியோகத்தருக்கு எதிராக வந்த முறைப்பாடுகள் எத்தனை, அதில் ஒழுக்காற்று விசாரணை முடிந்தவை எத்தனை. கடைசிக் கேள்விக்குப் பதில் கொஞ்சம் இழுபடும், ஆனால் வரும்.

பெரிய சம்பவம் நடந்தாலும் இதே புத்திதான் வேண்டும். 2024 மார்ச் 8, சிவராத்திரி அன்று வவுனியா வடக்கில் இருக்கிற வெடுக்குநாறிமலைச் சிவன் கோயிலில் எட்டுப் பேரைப் பொலிஸ் கைது செய்ததும், 19ஆம் திகதி வவுனியா நீதிமன்றம் அவர்களை விடுவித்ததும் எல்லாருக்கும் தெரியும். "யார் உத்தரவு கொடுத்தது?" என்று கேட்டால் ஒரு வரி மறுப்பு வரும் என்று இப்போதே எழுதித் தரலாம். அன்று எந்தெந்த நிலையங்களிலிருந்து எத்தனை உத்தியோகத்தர்கள் கடமைக்கு அனுப்பப்பட்டார்கள், எத்தனை வாகனங்கள், எரிபொருள் செலவு எவ்வளவு, மேலதிக நேரக் கொடுப்பனவு எவ்வளவு என்று கேட்டால் அது கணக்குக் கிளையின் கேள்வியாகிவிடுகிறது. கணக்குக் கிளையில் இருப்பவருக்கு அரசியல் இல்லை, பற்றுச்சீட்டு இருக்கிறது.

கெட்ட பக்கத்துக்கு வருவோம். சட்டத்தின் 5ஆம் பிரிவு. தேசிய பாதுகாப்பு, தனிப்பட்ட விபரம், குற்றத்தைத் தடுக்கவோ கண்டுபிடிக்கவோ பாரிய தடையாக இருக்கும் தகவல் என்று விலக்குகள் வரிசையாக இருக்கின்றன. விலக்குகள் இருக்கத்தான் வேண்டும், உளவு சொன்னவரின் பெயரை நானும் கேட்க மாட்டேன். ஆனால் பொலிஸ் இதைக் குடை மாதிரி விரிக்கிறது, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரு நிலையத்தின் தடுப்புக் கூண்டுக்கு சிசிடிவி இருக்கிறதா என்று கேட்டதற்குத் தேசிய பாதுகாப்பு என்று பதில் வந்தால் என்ன செய்வது? தடுப்புக் காவல் மரணங்கள் பற்றிக் கேட்டால் "விசாரணை நடைபெறுகிறது". 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் பிடித்த இளைஞர் இறந்த பிறகு வடக்கு முழுக்க அது பேச்சாக இருந்தது, அந்த நேரத்தில் இப்படியான கேள்விகள் எங்கேயும் ஒரு அடி நகரவில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று அதே 5ஆம் பிரிவின் உள்ளேயே இருக்கிறது. தகவலை வெளியிடுவதில் உள்ள பொது நலன், வெளியிட்டால் வரும் தீங்கை விடப் பெரிதென்றால், விலக்கில் விழுந்தாலும் மறுக்கக் கூடாது என்று உபபிரிவு 4 சொல்கிறது. மேன்முறையீட்டில் இந்த ஒரு வரியை எழுதுங்கள். முதல் மேன்முறையீடு அதே நிறுவனத்தில் இதற்கென்று குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு, 14 நாளுக்குள் போட வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் இருக்கிற தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. ஆணைக்குழுவில் நிரூபிக்க வேண்டிய பாரம் உங்களுடையது இல்லை, தகவலை மறுத்தவர்களுடையது. பொலிஸில் முறைப்பாடு கொடுத்து நீங்களே சாட்சி தேடி, நீங்களே எதிராளியைப் பிடித்துக் கொடுத்துப் பழகிய எங்கள் ஆட்களுக்கு இது விசித்திரமாக இருக்கும்.

ஆணைக்குழுவின் குறையென்றால் காலம். 30 நாளுக்குள் தீர்ப்பது என்று சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் அதை விட நீளும், ஆளணியும் நிதியும் போதாத நிறுவனம். கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ் எடுத்தால் விடியக் கொழும்பு, முகத்தைக் கழுவிக்கொண்டு விசாரணைக்குப் போகலாம். அங்கே ஒரு வேடிக்கை நடக்கும். மாதக்கணக்காக "அந்த ஆவணம் எங்களிடம் இல்லை" என்று எழுதிய ஆட்கள், விசாரணைக்கு வரும்போது ஒரு கோப்போடு வருவார்கள், ஆணையாளர் இரண்டாவது கேள்வி கேட்பதற்குள் கொப்பியை நீட்டிவிடுவார்கள். அங்கேயே கிடைத்ததற்குக் கையெழுத்து வைக்கச் சொல்வார்கள். அவசரப்படாமல் பக்கங்களை எண்ணிவிட்டு வையுங்கள்.

மொழி விடயம். அரசியலமைப்பின்படி வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். தமிழில் கேட்ட கேள்விக்குச் சிங்களத்தில் பதில் வந்தால் திருப்பி அனுப்புங்கள், அதற்கும் ஒரு கடிதம் போதும். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும், இருந்தும் திருப்பி அனுப்புவேன்.

இப்போது முக்கியமான குறை. கடிதத்தில் உங்கள் பெயர், விலாசம் இருக்கும். யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவர்களின் கோப்பில் அது போய் உட்காரும். காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டம் சொன்னாலும் போன் வரும். தமிழ் தெரிந்த சார்ஜன்ட் ஒருவர், நல்ல மரியாதையாகத்தான்: "தங்கச்சி, சேர் ஒருக்கா கேக்கச் சொன்னவர், இந்த விபரம் உங்களுக்கு என்னத்துக்கு?" நான் சொல்கிற பதில் எப்போதும் ஒன்றுதான்: "அண்ணை, அதைச் சேரை எழுத்தில கேக்கச் சொல்லுங்கோ, நானும் எழுத்தில பதில் தாறன்." எழுத்தில் இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனால் அந்த போனைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருந்தார். "உனக்கேன் பிள்ளை பொலிஸோட கொழுவல்" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அவருடைய பயத்துக்கு இந்த ஊரில் காரணமும் இருக்கிறது. 2000இல் யாழ்ப்பாணத்தில் செய்தியாளர் நிமலராஜன், 2005இல் கொழும்பில் செய்தியாளர் சிவராம், இரண்டு கொலைக்கும் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அது பழைய காலம் என்று சொல்கிறவர்களுக்கு: 2025 ஓகஸ்டில் முல்லைத்தீவைச் சேர்ந்த ஒளிப்படச் செய்தியாளர் ஒருவரைப் பயங்கரவாத எதிர்ப்பு விசாரணைப் பிரிவு அளம்பிலுக்கு அழைத்துப் பல மணி நேரம் விசாரித்தது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை வைத்து எத்தனை வருடங்கள் ஆட்களை உள்ளே வைத்தார்கள் என்று அம்மாவின் தலைமுறைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

ஆகவே சில பழக்கங்கள் வேண்டும். உள்ளூர் நிலையத்தைப் பற்றிய கேள்வியைப் பொலிஸ் தலைமையகத்துக்குப் போடுங்கள், உங்களுக்கு வேண்டிய ஒரு நிலையத்தை மட்டும் கேட்காமல் மாகாணம் முழுக்கக் கேளுங்கள், பத்து நிலையத்தின் கணக்கு வந்தால் எதை நீங்கள் தேடுகிறீர்கள் என்று யாருக்கும் விளங்காது. தெற்கில் பொலிஸ் பற்றி எழுதுகிற சிங்களச் செய்தியாளர் ஒருவரோடு பழக்கம் இருந்தால் அதே கேள்வியை அவரையும் போடச் சொல்லுங்கள், இரண்டு பதிலும் வித்தியாசமாக வந்தால் அந்த வித்தியாசமே ஒரு செய்தி.

அடுத்தது பொறி. உள்ளே இருக்கிற ஒருவர் உங்களை நம்பி ஒரு சுற்றறிக்கையைக் காட்டுவார். அதை உறுதிப்படுத்துகிறேன் என்று அதன் இலக்கத்தையும் திகதியையும் போட்டு ஆர்ரிஐ கேட்கக் கூடாது. அந்தக் கடிதம் எத்தனை மேசைக்குப் போனது என்று அவர்களுக்குத் தெரியும், காட்டிய ஆளைக் கண்டுபிடிக்க அதிக நேரம் தேவைப்படாது, வன்னியில் வேலை செய்த உத்தியோகத்தரை எங்கேயோ தூக்கிப் போடுவார்கள், உங்களுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு மூன்று வருடத்துக்குள் இந்த விடயம் பற்றி வெளியான எல்லாச் சுற்றறிக்கையும் என்று அகலமாகக் கேளுங்கள், அதுவும் ஆள் பழைய இடத்திலிருந்து மாறிப் போகும்வரை பொறுத்து.

வேறு சேவைகளோடு ஒப்பிட்டால்? ஒரு பெடியனை இரவு வீட்டில் வந்து ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்றால் ஆர்ரிஐ எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட கேள்விக்கு 48 மணித்தியாலத்தில் பதில் என்று சட்டத்தில் இருந்தாலும், அந்த நேரத்தில் தேவை ஒரு சட்டத்தரணியும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கமும். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் கால எல்லை, அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டு அங்கே விசாரணை நடந்துகொண்டிருந்தால் அந்தக் காலம் கணக்கில் வராது, இதை எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்வதில்லை. பொலிஸ் அவசர இலக்கம் 119 பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை, அடித்துப் பாருங்கள்.

பெரிய மீன் பிடிக்கிற வலை நீதிமன்றம்தான், அதையும் சொல்ல வேண்டும். உயிர்த்த ஞாயிறு தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதிக்கு 100 மில்லியன், அப்போதைய பொலிஸ் மா அதிபருக்கு 75 மில்லியன் ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது உயர் நீதிமன்றம். ஒருவரைச் சித்திரவதை செய்ததற்குப் பொறுப்பு என்று, அப்போது பதில் பொலிஸ் மா அதிபராக இருந்த தேசபந்து தென்னகோனுக்கு எதிராக 2023 டிசம்பரில் தீர்ப்பு வந்தது, வந்த பிறகுதான் 2024 பெப்ரவரியில் அவரை நிரந்தரப் பொலிஸ் மா அதிபர் ஆக்கினார்கள். கர்தினால் உட்படப் பலர் மனுப் போட்டு, 2024 ஜூலை 24 இடைக்காலத் தடை வந்து, கடைசியில் 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்கால் அவரைப் பதவி நீக்கியது. இதில் எதையும் ஒரு 2 ரூபாய்த் தாள் செய்திருக்காது. ஆனால் அந்த மனுக்களுக்குக் கொழும்பில் சிரேஷ்ட சட்டத்தரணிகள் வேண்டும். ஒட்டுசுட்டானில் ரிப்பர் ஓடுவதைப் பற்றி எழுதுகிறவளுக்குப் பதிவுத் தபால் காசு இருந்தால் போதும்.

புள்ளி கேட்பவர்களுக்கு: எண்ணிக்கை, ஆளணி, வாகனம், செலவு இவற்றுக்கு ஐந்துக்கு நாலு. ஒழுக்காற்று விபரங்களுக்கு இரண்டரை. தனிச் சம்பவங்களுக்கு ஒன்று, அந்த ஒன்றும் கையெழுத்துக்காக. ஆணைக்குழுவுக்கு மூன்றரை, வடக்கில் ஒரு அலுவலகம் திறந்தால் நாலரை தருவேன். பாதுகாப்புக்குப் புள்ளி போடவில்லை, அது சேவையில் இல்லை, நீங்கள் இருக்கிற வீதியில் இருக்கிறது.

புதிதாகத் தொடங்குகிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று. பதில் வந்த கடித உறையை எறிந்துவிடாதீர்கள். கடிதத்தில் ஒரு திகதி இருக்கும், உறையில் தபால் முத்திரை வேறு திகதி காட்டும், சில நேரம் இரண்டுக்கும் இடையில் இரண்டு கிழமை. மேன்முறையீட்டுக்கான 14 நாள் முடிந்துவிட்டது என்று அவர்கள் சொல்லும்போது நீட்ட வேண்டியது அந்த உறையைத்தான்.